பாலைமலைக் கிடாவும் பதினைந்து மடங்குக் கண்ணாடியும்

லாஸ் வேகாஸிலிருந்து இன்டர்ஸ்டேட் 15 நெடுஞ்சாலையில் தென்மேற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் பேக்கர் என்ற சிற்றூர் வரும். டெத் வேலியில் 1913-இல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தின் நினைவாக அங்கே 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானியை நட்டு வைத்திருக்கிறார்கள். பேக்கரில் பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். அதற்கப்பால் பெட்ரோல் கிடைக்காது, தண்ணீரையும் நம்ப முடியாது. தென்கிழக்கே பிரியும் கெல்பேக்கர் சாலை, கறுத்து இறுகிய எரிமலைக் குழம்புக்கும் சாம்பல் குன்றுகளுக்கும் நடுவே நெளிந்து, 1924-இல் கட்டிய கெல்சோ ரயில் நிலையத்தில் போய்ச் சேர்கிறது. வழியில் மேற்கே தெரிவது ஓல்டு டாட் மலை. உயரம் 1,300 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பாறை, அதற்குக் கீழே உடைந்த பாறை, அதற்கும் கீழே பொடிந்த பாறை. பாலைநிலத்துக் காட்டுச் செம்மறியான நெல்சன் பிக்ஹார்ன் வாழ்வதும், ஆண்டுதோறும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை விரல்விட்டு எண்ணக்கூடிய வேட்டைக்காரர்கள் ஏறுவதும் இப்படிப்பட்ட மலைகளில்தான்.

முதல் முறையாக இங்கே கிடா வேட்டைக்குக் கிளம்புகிறவர் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எந்த பூட்ஸ், எத்தனை கிலோ பை என்று நீளும் பட்டியல். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அது கேள்வியைத் தலைகீழாகப் பிடிக்கிறது என்பது என் வாதம். இந்த வேட்டையில் துப்பாக்கி வெடிப்பது ஒரு நொடி, அதுவும் ஒரே ஒரு முறை. பெரும்பாலான நாட்களில் அதுவும் இல்லை. மிச்ச நேரமெல்லாம் பார்ப்பதும், வயதைக் கணிப்பதும், வேண்டாமென்று விட்டுவிடுவதும், சுமப்பதும்தான். ஆகவே தயாரிப்பின் பெரும்பங்கு, சுடாமல் திரும்பிவர முடிகிற ஆளாகத் தன்னை ஆக்கிக்கொள்வதில் செலவாக வேண்டும். இதை நற்குணப் போதனையாகச் சொல்லவில்லை. சட்டமும் விலங்கின் உடற்கூறும் நிலத்தின் கணக்கும் சேர்ந்து கேட்பது இதைத்தான்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். கலிஃபோர்னியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் செம்மறியை வேட்டையாடத் தடை வந்தது. அந்தத் தடை ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது. 1986-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1987-இல் ஓல்டு டாட், மார்பிள் மலைகளில் மட்டும் வேட்டை திறந்துவிடப்பட்டது. திறந்தவர்கள் ஒரு கடிவாளத்தையும் போட்டார்கள்: ஓர் ஆண்டில் கொடுக்கும் அனுமதிச் சீட்டுகள், கணிக்கப்பட்ட முதிர்ந்த கிடாக்களின் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெட்டையைச் சுட அனுமதியே இல்லை. பொதுக் குலுக்கலில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் சீட்டு. அரிசோனாவிலும் பாலைச் செம்மறி வாழ்நாளுக்கு ஒன்றுதான். இருபது வருடம் விண்ணப்பித்தும் பெயர் வராதவர்கள் ஏராளம். வெளிமாநிலத்தவரின் வாய்ப்பு பல மலைகளில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. சீட்டு கிடைத்தவர் கட்டாய அறிமுக வகுப்பில் உட்கார வேண்டும். மலையில் இருக்கும்போது குறைந்தது பதினைந்து மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி அவரிடம் இருக்க வேண்டும். துப்பாக்கியில் பொருத்திய கண்ணாடி அந்தக் கணக்கில் சேராது. சட்டம் எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. துப்பாக்கியில் என்ன கண்ணாடி மாட்டுவது என்பதை வேட்டைக்காரரிடமே விட்டுவிட்டார்கள். பார்க்கிற கண்ணாடியைத்தான் விதியாக்கினார்கள்.

எதைப் பார்ப்பதற்கு? அதே விதிகளில், சுடத்தகுந்த கிடா எது என்பதற்கு ஒரு கோடு இருக்கிறது. கிடாவைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கொம்பின் அடிப்பகுதியின் முன்விளிம்பில் தொடங்கி, கண்ணின் பின்விளிம்பைத் தொட்டுக் கீழே இறங்கும் நேர்கோடு ஒன்றைக் கற்பனையில் இழுக்க வேண்டும். வளைந்து வரும் கொம்பின் நுனி அந்தக் கோட்டைத் தாண்டி முன்னே வந்திருந்தால் சரி. தாளில் இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். அரைக் கிலோமீட்டர் தள்ளி, தலையைச் சற்றுத் திருப்பி, பாதி உடம்பைப் பாறைக்குப் பின்னால் வைத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும் விலங்கின் மேல் அந்தக் கோட்டை இழுப்பது வேறு கதை. பெட்டைக்கும் கொம்பு உண்டு. மெலிந்து, கத்திபோல் பின்னோக்கி வளைந்திருக்கும். இரண்டு வயதுக் கிடாவும் முதிர்ந்த பெட்டையும் ஒரே பாறையில் நின்றால், பழகாத கண் தடுமாறத்தான் செய்யும்.

கோட்டைத் தாண்டிவிட்டால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. என் பார்வையில் போதாது. சட்டக் கோடு அடித்தளம்தான். மூன்று நான்கு வயதிலேயே பல கிடாக்கள் அதைத் தாண்டிவிடும். பாலைநிலக் கிடா பத்து வயதைக் கடப்பது அரிது. வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் இருக்கும் கிடாவைத் தேர்ந்தெடுத்தால் மந்தைக்கு இழப்பு குறைவு. அதற்கு வயதைப் படிக்க வேண்டும். மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். செம்மறியின் கொம்பு வாழ்நாள் முழுவதும் அடியிலிருந்து வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு ஆண்டும் வளர்ச்சி தடைப்படும் காலத்தில் கொம்பைச் சுற்றி ஒரு பள்ளம் விழுகிறது. அதுதான் வருட வளையம். இளமையில் வளர்ச்சி வேகமாக இருப்பதால் நுனிப்பக்கத்து வளையங்களுக்கு இடையே தூரம் அதிகம். வயது ஏற ஏற இடைவெளி சுருங்கி, முதிர்ந்த கிடாவின் கொம்படியில் வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சிக்கல் என்னவென்றால், கிடாக்கள் கொம்பு நுனியைப் பாறையில் தேய்த்தும் சண்டையில் முறித்தும் மழுக்கிவிடும். அதோடு முதல் ஒன்றிரண்டு வருடங்களே காணாமல் போய்விடும். கொம்பின் மேலிருக்கும் குறுக்கு மடிப்புகளையும் புதியவர்கள் வளையமென்று எண்ணிவிடுவார்கள். எனவே வளையம் மட்டும் போதாது. முகத்தின் அகலம், கழுத்தின் பருமன், தொங்கிய வயிறு, முதுகுத் தண்டின் குழிவு எல்லாம் சேர்ந்துதான் வயது. அருங்காட்சியகத்திலும் வனத்துறை அலுவலகத்திலும் இருக்கும் மண்டையோடுகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துப் பழகுவது, துப்பாக்கி மைதானத்தில் செலவாகும் பல வாரங்களைவிடப் பயன் தரும்.

பார்வைப் பயிற்சியின் மறுபாதி, விலங்கைக் கண்டுபிடிப்பது. செம்மறியின் கண் எட்டு மடங்கு பைனாகுலருக்குச் சமம் என்று வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது உண்டு; அது பேச்சுவாக்கில் வளர்ந்த கணக்கு. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்து, அகன்ற வட்டத்தை ஒரே நேரத்தில் காண்கின்றன என்பதும், அது படுக்குமிடத்தை எதிர்ச்சரிவு முழுவதும் தெரியும்படி தேர்ந்துகொள்கிறது என்பதும் போதும். நடந்து தேடினால் அதுதான் முதலில் பார்க்கும். அதனால்தான் விடியும் முன்பே ஓர் உயரத்தில் உட்கார்ந்து, பைனாகுலரை முக்காலியில் பூட்டி, எதிர்மலையைப் பட்டை பட்டையாகப் பிரித்து மணிக்கணக்கில் துழாவுகிறார்கள். கையில் பிடித்த கண்ணாடி நடுங்கும். நடுக்கத்தில் காதசைவு தெரியாது. உடல் முழுக்கப் பாறையின் நிறம். பின்புறத்து வெள்ளைத் திட்டு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும், அதுவும் திரும்பி நின்றால். முதலில் தெரிவது முழு விலங்காக இருப்பதே இல்லை. ஒரு வளைவு, ஒரு நேர்க்கோட்டு முதுகு, நிழலில் பொருந்தாத ஒரு நிழல். காலையில் ஒன்றுமில்லாத அதே சரிவில், வெயில் கோணம் மாறிய பிறகு ஐந்து கிடாக்கள் படுத்திருப்பது தெரியவரும். உட்கார்ந்து காத்திருப்பது புதிய உத்தியும் இல்லை. இங்கிருந்து வடமேற்கே, இன்று சைனா லேக் கடற்படை ஆயுதத் தளத்துக்குள் இருக்கும் கோசோ மலைகளில், பழங்குடிகள் கரும்பாறையில் ஆயிரக்கணக்கான செம்மறி உருவங்களைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். அதே பள்ளத்தாக்குகளில் அவர்கள் பதுங்கி உட்காரக் கல் அடுக்கிய தாழ்சுவர்களும் நிற்கின்றன.

இனி சுமை. பாலைநிலத்தில் தயாரிப்பு என்பது கடைசியில் தண்ணீர்க் கணக்கில் வந்து நிற்கும். குளிர்காலத்திலும் ஏறி இறங்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வேண்டும் என்று வைத்தால் நான்கு கிலோ. ஐந்து நாளைக்கு இருபது கிலோ. அதை முதுகில் வைத்துக்கொண்டு கூடாரம், உணவு, கண்ணாடி, துப்பாக்கி எல்லாம் தூக்கிச் செங்குத்தில் ஏற முடியாது. ஆகவே வண்டி நிற்குமிடத்தில் பெரிய பீப்பாய், அங்கிருந்து ஓரிரு நாள் தூரத்துக்குள் மட்டும் நடமாட்டம், அல்லது வேட்டைக்கு முன்னதாகவே ஏறித் தண்ணீரை ஒளித்து வைத்துவிட்டு வருதல். மலையில் இருக்கும் நீரை நம்பலாமே என்றால், அது ஆட்டின் நீர். பாறைக்குழிகளில் மழைநீர் தேங்கும் சுனைகளும், தன்னார்வலர்கள் கட்டிய மழைநீர்த் தொட்டிகளும்தான் இந்த மந்தைகளின் உயிர்நாடி. அரிசோனாவில் அப்படிப்பட்ட நீர்நிலைக்குக் கால் மைலுக்குள் கூடாரம் அடிப்பதே குற்றம். மனிதன் அருகிலிருந்தால் தாகத்தோடு வந்த விலங்கு குடிக்காமல் திரும்பிவிடும். செம்மறிக்குக் குளிரில் பல நாள் தண்ணீர் இல்லாமல் ஓட்டத் தெரியும், பீப்பாய்க் கள்ளியைக் கொம்பாலும் குளம்பாலும் உடைத்து உள்ளிருக்கும் ஈரச் சதையைத் தின்னவும் தெரியும். நமக்கு இரண்டும் வராது.

நீரோடு வெளிச்சத்தையும் எண்ண வேண்டும். டிசம்பர் பிற்பகுதியில் இந்த அட்சரேகையில் பகல் பத்து மணி நேரத்தை ஒட்டித்தான். மாலை மூன்று மணிக்கு மலையுச்சியில் கிடாவைச் சுட்டவர், அதை உரித்து எலும்பு நீக்கிக் கட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடும். முதிர்ந்த கிடாவின் எடை 55 முதல் 90 கிலோ வரை. எலும்பெடுத்த இறைச்சியே ஒரு முழுச் சுமை, கொம்போடு தலையும் தோலும் தனிச் சுமை. இறைச்சியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துவருவதைச் சட்டமும் அனுமதிக்காது, சக வேட்டைக்காரர்களும் மன்னிக்க மாட்டார்கள். உடைந்த பாறைச் சரிவில் நெற்றிவிளக்கை வைத்துக்கொண்டு நாற்பது கிலோவோடு இறங்குவதில்தான் முழங்கால் முறிகிறது. ஆகவே சுடலாமா என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அந்தக் கிடா விழப்போகும் இடத்திலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா? ஏறக்கூடிய பாறையெல்லாம் இறங்கக்கூடிய பாறை என்று நினைப்பது புதியவரின் பிழை. செங்குத்து விளிம்பில் நிற்கும் கிடா சுட்டதும் கீழே உருண்டு, எட்ட முடியாத பிளவில் போய்ச் சிக்கலாம். நல்ல கிடா, நல்ல தூரம், காற்றும் சாதகம், ஆனாலும் விடு என்று சொல்லவேண்டிய தருணம் இதுதான். முன்கூட்டியே மனதில் முடிவெடுத்து வைக்காதவருக்கு அந்த நொடியில் அது வாயில் வராது.

உடற்பயிற்சி பற்றி நீட்ட வேண்டியதில்லை; சுமையோடு படியேறுங்கள், அதைவிட முக்கியமாகச் சுமையோடு இறங்குங்கள். ஒரு சின்னச் சாமானை மட்டும் சொல்லிவிடுகிறேன். சோய்யா என்ற கள்ளி இங்கே எங்கும் உண்டு. அதன் உருண்டைத் துண்டுகள் லேசாக உரசினாலே கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் பின்னோக்கிய நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் கையால் பிடுங்கப்போனால் கையும் மாட்டிக்கொள்ளும். பல் அகன்ற சாதாரணத் தலைச்சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே செருகி வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டினால் அது பறந்துவிடும். மிச்ச முட்களை இடுக்கியால் எடுக்கலாம். ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்துக் கண்ணாடி வாங்கியவர் ஒரு சீப்பை மறந்ததால் நொண்டிக்கொண்டு திரும்புவது நடக்கக்கூடியதே. துப்பாக்கி விஷயத்திலும் ஒன்றே ஒன்று. கலிஃபோர்னியாவில் இந்தச் செம்மறிக்கு 2015 ஜூலையிலிருந்தே ஈயமில்லாத தோட்டாதான். 2019-இல் அது எல்லா வேட்டைக்கும் விரிந்தது. சுட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் காண்டர் கழுகுகள் ஈயத்தால் செத்ததே காரணம். செம்புத் தோட்டா அதே துப்பாக்கியில் வேறிடத்தில் விழும். பழைய தோட்டாவுக்குச் சரிபார்த்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

இங்கே முதல் ஆட்சேபம் வரும். இன்றைய துப்பாக்கிகளும் தூரமானிகளும் எண்ணூறு மீட்டரில்கூடக் குறி தவறாமல் அடிக்கும்போது, இந்தக் காத்திருப்பும் பதுங்கலும் எதற்கு? கருவியின் திறமை பற்றி எனக்குச் சந்தேகமில்லை. காற்றைப் பற்றித்தான் சந்தேகம். பகலில் சூடேறிய சரிவில் காற்று மேலேறும், சாயங்காலம் கீழிறங்கும். நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருந்தால் அதற்குள் தனிக் காற்று. எண்ணூறு மீட்டர் இடைவெளியில் இப்படி இரண்டு மூன்று ஓட்டங்கள் குறுக்கிடலாம். நிற்குமிடத்தில் அளந்த வேகம் அங்கே செல்லாது. தோட்டா பறக்கும் ஒரு நொடியில் கிடா ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தூரத்தில் வளையங்களை எண்ண முடியாது, பின்னால் படுத்திருக்கும் பெட்டையும் தெரியாது. நெருங்குவதால் விலங்குக்கு மட்டும் நன்மை என்றில்லை. சுடுவது எதை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேட்டைக்காரருக்கு இருக்கும் ஒரே வழியும் அதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் வசதியுள்ளவர்களுடையது: வழிகாட்டியை அமர்த்திவிட்டால் தேடுவதும் வயது சொல்வதும் அவர் வேலை, நாம் சொன்னபோது சுட்டால் போயிற்று. முதல் வேட்டைக்கு வழிகாட்டி வைத்துக்கொள்வதில் தவறில்லை. இந்த மலைகளை முப்பது வருடமாகத் துழாவிய கண்ணுக்கு ஈடு கிடையாது. ஆனால் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்மேல்தான் பொறுப்பு. தவறான விலங்கு விழுந்தால் வழிகாட்டி சொன்னார் என்பது விளக்கமாகாது. பணம் வாங்கியவருக்கு வாடிக்கையாளரைக் கொம்போடு அனுப்பிவைக்கும் நெருக்கடியும் உண்டு. அவர் 'அடிக்கலாம்' என்று சொல்லும்போது 'அது ஐந்து வயதுதானே' என்று கேட்கத் தெரிந்தவர்தான் வழிகாட்டியால் முழுப்பயன் பெறுவார்.

அறிவியல் தரப்பிலிருந்து வரும் ஆட்சேபம் கனமானது. பெரிய கொம்புள்ள கிடாக்களையே தேடிச் சுட்டால், சந்ததியில் கொம்பு சிறுத்துப் போகாதா? கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ராம் மவுண்டன் என்ற மலையில் முப்பது ஆண்டுத் தரவை வைத்து 2003-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அப்படித்தான் காட்டியது. அது ராக்கி மலைச் செம்மறி, பாலை இனமல்ல என்று இதைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. அந்தச் சமாதானம் எனக்கு உவப்பில்லை. கவனிக்க வேண்டியது அங்கிருந்த விதியை. கொம்பு குறிப்பிட்ட அளவு வளைந்திருந்தால் போதும், சீட்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. வேகமாகக் கொம்பு வளர்ந்த இளங்கிடாக்கள் இனப்பெருக்கத்தில் முழுப்பங்கு எடுக்கும் முன்பே அளவை எட்டி அடிபட்டன. மெதுவாக வளர்ந்தவை தப்பிப் பெருகின. எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த பாலைநிலங்களில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. ஆனாலும் கோட்டைத் தாண்டிய முதல் கிடாவையே சுடும் பழக்கம் அதே திசையில்தான் தள்ளும். முதுமையைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கிடா தன் மரபை ஏற்கெனவே விட்டுச்சென்றிருக்கும். இந்த ஆட்சேபம் என் வாதத்தை உடைக்கவில்லை. வயதைப் படிக்கத் தெரியாதவர் மலையேறக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணத்தைக் கொடுக்கிறது.

வேட்டையையே ஏற்காத வாசகர் இதுவரை பொறுமை காத்திருப்பார். இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த தலைமுறைக்கு, அழியாமல் காக்க வேண்டிய விலங்கை ஏன் சுட வேண்டும் என்பது இயல்பான கேள்வி. நம் வரலாற்றிலேயே ஒரு பாதி விடை இருக்கிறது. நீலகிரியில் விலங்குகள் குறைந்துவருவதைக் கண்டு 1877-இல் சங்கம் அமைத்தவர்கள் வேட்டைக்காரர்கள்தான். 1879-இல் வந்த நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் அவர்களின் முயற்சியை ஒட்டியது. வரையாட்டுக்குக் கிடைத்த முதல் காவலில் அதற்கும் பங்குண்டு. பிறகு நாம் முழுத் தடைக்குப் போனோம், அது நமக்குச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அமெரிக்கத் தென்மேற்கு வேறு வழியில் போனது. 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த வரியின் (இன்று 11 சதவீதம்) பணத்தை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பியது. வேட்டையாடாமலே நன்கொடை கொடுக்கலாமே என்றால், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கோடையில் சிமென்ட் மூட்டையும் தகரக் கூரையும் சுமந்துபோய் மழைநீர்த் தொட்டி கட்டும் குழுக்களில், சீட்டுக்காகப் பத்து இருபது ஆண்டு காத்திருப்பவர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்புக்கு மாற்று கிடைக்கும் வரை அந்த ஏற்பாட்டைக் கலைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

சில அனுமதிச் சீட்டுகளை ஏலத்தில் விற்பது இதைவிடச் சங்கடமான விஷயம். குலுக்கலில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வாய்ப்பு. ஏலத்தில் பணம் மட்டும்தான். ஒரு கிடாவுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் போவது வழக்கமாகிவிட்டது. இருந்தாலும் மெக்ஸிகோவின் திபுரோன் தீவைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1975-இல் அங்கே இருபது செம்மறிகளை விட்டார்கள். 1990-களில் ஏறத்தாழ ஐந்நூறாகப் பெருகின. தீவு செரி பழங்குடிகளுடையது. சுடும் அனுமதியை ஏலம் விட்ட பணம் அவர்களுக்கும், பாதுகாப்புப் பணிகளுக்கும் போனது. கதையில் ஒரு திருப்பம்: தீவின் குகை ஒன்றில் கிடைத்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையான சாணத்தை 2014-இல் ஆராய்ந்தபோது, செம்மறி அங்கே முன்பே வாழ்ந்து அழிந்திருந்தது தெரிந்தது. புதிதாகக் குடியேற்றியதாக நினைத்தவர்கள் பழைய குடியைத்தான் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். ஏலத்தால் ஒரு சமூகத்துக்கு வருமானம் வரலாம். ஆனால் ஏலத்தில் வென்றவர் வளையம் எண்ணக் கற்றிருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மந்தைகளின் பலவீனம் என்ன என்று தெரிந்தால்தான் இந்தக் கவனம் ஏன் என்பது விளங்கும். அரிசோனாவின் கோஃபா சரணாலயம் 1939-இல் அமைந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் சாரணச் சிறுவர்கள் முன்னணியில் இருந்தார்கள். 2000-இல் அங்கே 812 என்று கணித்த செம்மறி, 2006-இல் 390 ஆகச் சரிந்தது. காரணம் வறட்சியா, மலைச்சிங்கம் எனப்படும் பூமாவா என்று சண்டை நடந்தது. அவசரமாகக் கட்டிய இரண்டு நீர்த்தொட்டிகள் காட்டுநிலச் சட்டத்தோடு மோதி நீதிமன்றம் வரை போயின. ஓல்டு டாட்டில் 2013-இல் நிமோனியா பரவிப் பல விலங்குகள் செத்தன. வளர்ப்புச் செம்மறியும் வெள்ளாடும் தமக்குத் தொந்தரவில்லாமல் சுமக்கும் கிருமியே இந்த நோயின் மூலம். காட்டுச் செம்மறிக்கு அதை எதிர்க்கும் சக்தி கிடையாது. ஆகவே சுமைதூக்க வெள்ளாடு கூட்டிப்போகும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். போதாக்குறைக்கு இன்டர்ஸ்டேட் 15-உம் 40-உம் மலைகளைத் துண்டாக்கிவிட்டன. சாலைக்கு அப்புறமும் இப்புறமும் மந்தைகள் கலக்க முடியாமல் மரபணு வளம் குறைந்திருப்பதை 2005-இலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஐம்பது விலங்குள்ள தனித்த மலையில் தவறாக விழும் ஒரு பெட்டை சின்ன விஷயமாக இருக்காது.

சுட்டவரின் வேலை மலையடிவாரத்தில் முடிவதில்லை. தலையைத் துறை அலுவலரிடம் காட்ட வேண்டும். அவர் வளையங்களை எண்ணி, சுற்றளவை நாடாவால் அளந்து, கொம்பில் எண்ணிட்ட நிரந்தர அடையாளம் ஒன்றைப் பொருத்துவார். சுடாதவரும் சீட்டைத் திருப்பித் தந்து அறிக்கை எழுத வேண்டும். எத்தனை பெட்டைகள், அவற்றோடு எத்தனை குட்டிகள், எந்தச் சுனையில் தண்ணீர் இருந்தது, எந்த ஆடு இருமியது என்று பத்து நாள் கண்ணாடியில் கண்டதை நாள், நேரம், இடத்தோடு குறித்து வைத்திருப்பவரின் தாள், வானிலிருந்து ஹெலிகாப்டரில் சில மணி நேரம் எண்ணிப்போகும் அலுவலருக்கு எட்டாத தகவலைக் கொடுக்கும். அதனால் பையில் ஒரு சின்ன நோட்டும், குளிரில் உறையாத பென்சிலும் இருக்கட்டும். டிசம்பர் விடியலின் குளிரில் பேனா சில நேரம் எழுத மறுக்கும்.